வான்வெளிச்சத்தை அளந்த கணக்கு வாத்தியார்

ஆல்ட்டா, நோர்வே
டிசம்பர்

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். நீங்களும் அம்மாவும் தங்கச்சியும் நலமாக இருக்க வேண்டுகிறேன். நவம்பர் கடைசியில் மறைந்த சூரியன் இனி ஜனவரி நடுவில்தான் தலைகாட்டும். மத்தியானத்தில் சற்று நேரம் நீல வெளிச்சம், பிறகு இருட்டு. வெளியே போனால் மூக்குமயிர்கூட உறைந்து குத்துகிறது. இதை அம்மாவிடம் சொல்ல வேண்டாம்.

துருவ ஒளி, அதாவது இங்கே இரவு வானத்தில் திரைபோல் அசையும் வெளிச்சம், எவ்வளவு உயரத்தில் தெரிகிறது என்று கேட்டிருந்தீர்கள். அதை அளந்தவரும் உங்களைப்போல் கணக்கு வாத்தியார்தான்! கார்ல் ஸ்டோர்மர், 1874இல் மருந்துக்கடைக்காரர் ஒருவரின் மகனாகப் பிறந்தவர். அப்போது கிறிஸ்தியானியா என்றிருந்த ஒஸ்லோவில் 1903இல் கணிதப் பேராசிரியரானார். அதே பல்கலைக்கழகத்தில் பிர்க்கலான் என்பவர், பூமியைப்போல் காந்தமேற்றிய உருண்டை ஒன்றின் மேல் எதிர்மின் கதிர்களைப் பாய்ச்சி, அதன் துருவங்களைச் சுற்றி ஒளி வரச்செய்தார். அதைப் பார்த்ததிலிருந்து ஸ்டோர்மருக்கு வானத்துப் பித்து.

1910இல் எங்கள் ஊரின் பொசெகொப் பகுதிக்கு வந்து இரண்டு இடங்களில் கமரா வைத்தார். நடுவில் தொலைபேசிக் கம்பி. ஒருவர் குரல் கொடுக்க, இரண்டிலும் ஒரே நொடியில் படம் எடுத்தார்கள். பின்னால் நிற்கும் நட்சத்திரங்களை வைத்துப் பார்த்தால், ஒரு படத்துக்கும் மற்றப் படத்துக்கும் ஒளி எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று தெரியும். கோணம் கிடைத்தது, அடிப்பக்கமான கமராக்களின் இடைத்தூரம் தெரிந்ததுதான். மிச்சம், சாதாரண தரப் பிள்ளைகளுக்கு நீங்கள் கரும்பலகையில் போடும் முக்கோணம். முதல் தடவை கமராக்கள் கிட்டக்கிட்ட இருந்ததால் கோணம் சிறுத்துப் பிழை கூடியது. விடவில்லை மனிதர். 1913இல் திரும்பி வந்து 27 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி வைத்தார். ஒளியின் கீழ்விளிம்பு பெரும்பாலும் 100 கிலோமீட்டர் உயரத்தை ஒட்டி இருந்தது.

துருவ ஒளியை உண்டாக்கும் மின்னேற்றம் பெற்ற துகள் பூமியின் காந்தப் புலத்தில் எப்படி ஓடும் என்ற கணக்கு இன்னும் கடினம். ஒரே சூத்திரத்தில் அடங்காது. கணினி இல்லாத காலத்தில், மாணவர்களையும் சேர்த்துக்கொண்டு, படிப்படியாகக் கையாலேயே ஆண்டுக்கணக்கில் போட்டிருக்கிறார். காந்தப் புலம் அத்துகள்களைத் துருவப் பக்கம் திருப்பிவிடுகிறது. நம் யாழ்ப்பாணம் காந்த நடுக்கோட்டின் அருகில் கிடப்பதால் அங்கே அவற்றுக்கு வழியில்லை. அந்தக் கணக்கு, துருவ ஒளியைவிட, விண்வெளியிலிருந்து மிக வேகமாக வரும் துகள்களான அண்டக் கதிர்களுக்கே பிற்பாடு நன்றாகப் பொருந்தியது என்கிறார்கள்.

மாணவராக இருந்தபோது சட்டைக்குள் கமராவை ஒளித்து, பொத்தான் துளை வழியாகத் தெருவில் போகிறவர்களையெல்லாம் படம் பிடித்த குறும்புக்காரர் அவர். நாடக ஆசிரியர் இப்சனும் அதில் அகப்பட்டிருக்கிறார். இதைப் படித்த பிறகு எனக்கு அவரை இன்னும் பிடித்துப்போயிற்று. உங்கள் ரியூசன் பிள்ளைகளுக்கு இதையும் சொல்லுங்கள், தேற்றத்தை மறந்தாலும் ஆளை மறக்கமாட்டார்கள்.

அடுத்த வாரம் பணம் அனுப்புகிறேன். மழை விட்டதும் கிணற்றுக்கட்டு வேலையைத் தொடங்குங்கள். மேசனுக்கு முழுக்கூலியையும் முன்னதாகக் கொடுத்துவிட வேண்டாம். தங்கச்சியின் பரீட்சை முடிவு வந்தவுடன் எழுதவும்.

அன்பு மகன்