ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2: புதியவர்களுக்கான ஞாயிறு ஆட்டம்

வணக்கம் நண்பர்களே. வரும் ஞாயிறு காலை 10 மணி, கும்பகோணத்தில் நம் வழக்கமான மாடி. கணினியில் ஊரைக் கட்டி, படை திரட்டிப் போரிடும் இந்த ஆட்டம் புதிதாகச் சேர்ந்தவர்களுக்காகவே.

1. டெஃபனிட்டிவ் எடிஷன் (ஆட்டத்தின் புதுப்பித்த பதிப்பு) அப்டேட்டை வீட்டிலேயே முடித்துவிடுங்கள். பதிப்பு மாறினால் ஒரே ஆட்டத்தில் சேர முடியாது.

2. மௌஸ் கட்டாயம். டச்பேடில் இதை ஆட முடியாது.

3. புதியவர்கள் முதல் ஐந்து நிமிடத்தை மட்டும் பழகி வந்தால் போதும். தொடக்கத்தில் 3 வில்லேஜர் (வேலையாட்கள்), 1 ஸ்கௌட் (வேவு பார்க்கும் குதிரைவீரர்). இடமோ 5 பேருக்குத்தான். வீடு கட்டாமல் ஆடு வெட்டப் போனால் அடுத்த ஆளோடு உற்பத்தி நின்றுவிடும். அதனால் முதல் வேலை வீடு (25 மரம்). வில்லேஜர்களை உருவாக்கும் டவுன் சென்டர் (ஊரின் மையக் கட்டடம்) சும்மா இருக்கவே கூடாது: ஒரு வில்லேஜருக்கு 50 உணவு, 25 விநாடி. முதல் 6 பேர் ஆட்டுக்கு, அடுத்த 4 பேர் மரத்துக்கு. காட்டுப்பன்றியை ஒரே ஆள் அடித்து, டவுன் சென்டருக்கு ஓடி இழுத்து வரணும். அங்கேயே நின்று அடித்தால் ஆள் போச்சு.

4. பழையவர்களுக்கு: ஆளுக்கொரு புதியவர் ஜோடி. 20 நிமிடம் தாக்குதல் கிடையாது. அவர் மௌஸை வாங்கி நீங்கள் ஆடாதீர்கள். ஒரு நேரத்தில் ஒரு தவறை மட்டும் சொல்லுங்கள். பத்தையும் சேர்த்துச் சொன்னால் மறுவாரம் வரமாட்டார்கள், அது நமக்குத்தான் இழப்பு.

5. எல்லோரும் ஆட்டத்தில் திராவிடர் நாகரிகத்தையே தேர்ந்தெடுங்கள். ஆட்டத்தில் அடுத்த யுகத்துக்கு முன்னேறும்போதெல்லாம் 200 மரம் கிடைக்கும், புதியவருக்குப் பெரிய உதவி. நம்ம ராஜேந்திர சோழன் கேம்பெயினும் (கதையாகத் தொடரும் ஆட்டங்கள்) 2022இல் வந்த இந்திய விரிவாக்கத்தில் (கூடுதல் தொகுப்பில்) இருக்கிறது.

வருபவர்கள் 'புதியவர்' அல்லது 'பழையவர்' என்று வெள்ளி இரவு 9க்குள் பதில் போடுங்கள். லேப்டாப் இல்லாதவர்களும் சொல்லுங்கள், ஏற்பாடு செய்யலாம்.