முகத்தை மட்டும் வெட்டாதீர்கள்

ஆசிரியருக்கு,

ஓவியங்களில் அச்சம் பற்றிய கட்டுரையோடு, ஸ்பானிய ஓவியர் கோயாவின் '1808 மே 3' ஓவியத்திலிருந்து, பிரெஞ்சு வீரர்கள் சுட்டுக்கொல்லப்போகும் வெள்ளைச் சட்டைக்காரரின் முகத்தை மட்டும் வெட்டி அச்சிட்டிருந்தீர்கள். படத்தின் உயிரே போய்விட்டது. 1814இல் தீட்டப்பட்ட அந்த ஓவியத்தில் திகில் முகத்தில் மட்டும் இல்லை. தரையில் இருக்கும் பெரிய விளக்கின் ஒளி அவர் சட்டைமேல் விழுகிறது. சுடும் வீரர்களோ நமக்கு முதுகைக் காட்டி, முகமே தெரியாமல் வரிசையாக நிற்கிறார்கள். துப்பாக்கி முனைக்கும் அவர் மார்புக்கும் இடையே மிகக் குறுகிய தூரம். அந்த இடைவெளிதான் நெஞ்சைப் பிசைகிறது!

அச்சத்தில் புருவங்கள் உயர்ந்து நடுவே நெருங்கும். கருவிழிக்கு மேலே மெல்லிய வெள்ளைக்கோடு தெரியும். சிறிய படத்தில் மை கூடினால் அந்தக் கோடு அடைபட்டு, அச்சம் கோபமாகத் தெரியும். உங்கள் அச்சில் அப்படித்தான் ஆகியிருக்கிறது.

நார்வே ஓவியர் எட்வர்ட் முங்க்கின் 'அலறல்' (1893) படத்தின் உருவம் அலறுவதாகக் கட்டுரையில் எழுதியிருப்பதும் சரியல்ல. இயற்கையின் ஊடே எழுந்த அலறலைக் கேட்டுத்தான் அது காதுகளைப் பொத்துகிறது. முங்க்கின் குறிப்பே இதைச் சொல்கிறது.

கோயாவின் படத்தைப் பக்கத்தின் முழு அகலத்தில், வெட்டாமல் மறுபடி வெளியிட வேண்டுகிறேன்.

ஒரு வாசகர்