புதுக்குடியிருப்பு – கிளிநொச்சி தரவுப் பிரதியாக்கச் சேவை பற்றிய புகார்

முகாமையாளர் அவர்களுக்கு,

ஏழு வாரமாக உங்கள் சேவை இலக்கத்துக்கு அழைத்துக் களைத்துவிட்டேன். ஒவ்வொரு தடவையும் புதிய குரல், ஒவ்வொரு தடவையும் கதையை முதலிலிருந்து தொடங்க வேண்டும். அதனால் இம்முறை எழுதுகிறேன். தயவுசெய்து முழுவதையும் வாசியுங்கள்.

எங்கள் அரிசி ஆலை கிளிநொச்சியில் இருக்கிறது, நெல் கொள்வனவு நிலையம் புதுக்குடியிருப்பில். அங்கே தராசில் நிறுத்த மூடைகளின் பதிவு இரண்டு மூன்று வினாடிக்குள் இங்கே வந்துவிடும் என்று சொல்லித்தான் பதிவுகளைச் சேமிக்கும் இரண்டு மைஎஸ்க்யூஎல் தரவுத்தளச் சர்வர்களையும் இணைத்துத் தந்தீர்கள்.

காலபோக அறுவடை உச்சத்தில் இருந்த நாளொன்றில் விசுவமடுவிலிருந்து ஒரு பெரியவர் வந்தார். சட்டைப் பையிலிருந்து நிறைச்சீட்டை எடுத்து, உமித்தூசியைத் தட்டி, மேசையில் விரித்தார். 42 மூடை. எங்கள் கணினியில் அவர் பெயரே இல்லை. உங்கள் திரையிலோ பச்சை விளக்கு, பின்தங்கல் 0 வினாடி. எல்லாம் வந்து சேர்ந்துவிட்டது என்றுதானே அதற்குப் பொருள்? அதை நம்பிச் சீட்டைப் பார்த்து நானே பதிந்தேன். நாற்பது நிமிடத்துக்குப் பின் புதுக்குடியிருப்புப் பதிவும் வந்து சேர்ந்தது. மறுநாள் அவருக்கு இரண்டு தடவை பணம் போனது. இப்படி மூன்று பேர். பெரியவர் மட்டும் மறுநாளே பஸ் ஏறி வந்து மிகுதியைத் திருப்பித் தந்தார்.

இங்குள்ள சர்வர் தன் கையில் கிடைத்த பதிவுகளை எழுதி முடித்தாலே அந்தப் பின்தங்கல் எண் 0 ஆகிவிடும், இணைப்பு மெதுவாகி இன்னும் வந்து சேராதவை அதன் கணக்கில் வராது என்று பிறகு வாசித்து அறிந்தேன். இது உங்களுக்குத் தெரியாத விஷயமா? தெரிந்திருந்தும் அந்த எண்ணை மட்டும் எங்களிடம் ஏன் காட்டினீர்கள்?

அதை நான் கேட்ட நாளில்தான் உங்கள் கொழும்பு அலுவலகத் தம்பி சொன்னார்: “அக்கா, வன்னியில் இணையம் அப்படித்தான். விஷயம் தெரிந்த ஆண்கள் யாராவது இருந்தால் அவர்களிடம் கொடுங்கள்.” பதினான்கு வருடமாக இந்த ஆலையின் கணக்கு என் கையில் இருக்கிறது. அந்த வார்த்தை இன்னும் காதில் நிற்கிறது.

பிறகு புதுக்குடியிருப்புச் சர்வரை வவுனியாவுக்குக் கொண்டு வரச் சொன்னீர்கள். படங்கில் சுற்றி, மடியில் வைத்து, ஒட்டுசுட்டான், மாங்குளம் வழியாகப் பஸ்ஸில் கொண்டு போனேன். உங்கள் உத்தியோகத்தர் பெட்டியைத் திறக்கவே இல்லை. “இது மென்பொருள் பிரச்சினை, இதை ஏன் தூக்கி வந்தீர்கள்?” என்று கேட்டார். கொண்டு வரச் சொன்னவரும் நீங்கள்தான்! அன்று முழுவதும் புதுக்குடியிருப்பில் கணினி இல்லை. உழவு இயந்திரங்கள் வீதி வரை வரிசையில் நின்றன.

இதைவிடப் பெரியது ஒன்று. வெள்ளி பிற்பகல் முதல் ஞாயிறு மாலை வரை இணைப்பு அறுந்திருந்தது. அதற்காக உங்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் 30 நாள், அதாவது 25,92,000 வினாடி வைத்திருக்க வேண்டிய பைனரி லாக்கை, அதாவது இங்கே அனுப்புவதற்காகப் புதுக்குடியிருப்புச் சர்வர் ஒவ்வொரு மாற்றத்தையும் வரிசையாக எழுதி வைக்கும் கோப்புகளை, வட்டில் இடம் மிச்சமாகும் என்று உங்கள் ஆட்கள் 86,400 வினாடியாகக் குறைத்திருந்தார்கள். ஒரே ஒரு நாள்! நாங்கள் இரவில் சர்வரை அணைத்துக் காலையில் போடுகிறவர்கள். போடும்போதெல்லாம் பழைய கோப்புகள் அழிந்திருக்கின்றன. இணைப்பு வந்ததும் 1236 பிழை, அதாவது இங்குள்ள சர்வர் கேட்ட லாக் கோப்பு அங்கே இல்லை. உங்கள் ஆள் தூரத்திலிருந்தே மிஞ்சிய கோப்பிலிருந்து பிரதியாக்கத்தைத் தொடங்கிவிட்டு, “சரி செய்துவிட்டேன்” என்றார். திரும்பவும் பச்சை விளக்கு. இடையில் விடுபட்ட பதிவுகளைப் பற்றி ஒரு சொல் இல்லை. பணம் கிடைக்காத பதினொரு பேர் வாசலுக்கு வந்தபோதுதான் எங்களுக்குத் தெரிந்தது. அவர்களுக்கு நாங்கள் ஏமாற்றுக்காரர்கள். இந்தப் போகத்தின் இலாபம் முழுவதும் போய்விட்டது. ஊரில் இருந்த பெயரும் போய்விட்டது.

உங்களுடன் சண்டை பிடிக்க எனக்கு விருப்பமில்லை. நல்ல முறையில் கேட்கிறேன். சிறுபோக நெல் வருமுன் வேலை தெரிந்த ஒருவரை இங்கே அனுப்பி, இரு பக்கத்துப் பதிவுகளையும் வரிவரியாக ஒப்பிட்டு விடுபட்டதைச் சேர்த்துத் தாருங்கள். லாக்கைப் பழையபடி 30 நாளுக்கு மாற்றுங்கள். புதுக்குடியிருப்பில் நிமிடத்துக்கு ஒரு தடவை நேரத்தைப் பதிந்து, அது இங்கே எப்போது வருகிறது என்று பார்த்தால் உண்மையான தாமதம் தெரிந்துவிடும். இதை நான் சொல்லித்தர வேண்டியிருக்கிறது. இவ்வருடக் கட்டணத்தையும் திருப்பித் தர வேண்டும். 14 நாளுக்குள் எழுத்தில் பதில் வராவிட்டால் நிறைச்சீட்டுகள், கணினித் திரையைப் பிடித்த படங்கள், அழைப்புப் பதிவுகள் அனைத்தையும் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையிடம் ஒப்படைப்பேன். சட்டத்தரணியிடமும் பேசிவிட்டேன்.

அந்தத் தம்பி என்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். அதுவரை என்னை அழைக்கும் வேலையை அவரிடம் கொடுக்க வேண்டாம். காலை ஒன்பது மணிக்கு முன் அழையுங்கள், அதன் பிறகு நான் தராசடியில் நிற்பேன்.

இப்படிக்கு,
கணக்குப் பகுதிப் பொறுப்பாளர்,
கிளிநொச்சி