ஜன்னலைத் திறந்தால் போகாத ஓதம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வாடகை வீடுகளில் சுவர் ஓதம் காத்துப் பாழாவதற்குக் குடியிருப்பவர்கள் ஜன்னலைத் திறந்து வைக்காததே காரணம் என்று போன வாரம் ஒரு வாசகர் எழுதியிருந்தார். அவருக்குச் சொந்த வீடு இருக்க வேண்டும். இரண்டொரு வீட்டை வாடகைக்கும் விட்டிருப்பார்.

கும்பகோணத்தில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் முதல் மாடியில் ஆறு வருடமாகக் குடியிருக்கிறேன். ரவிக்கை தைப்பது தொழில். கூடத்தை ஒட்டிய சின்ன அறையில்தான் மிஷினும் துணி அலமாரியும். அந்த அறைக்கு நேர் மேலே மேல்வீட்டுக் குளியலறை. ஓர் ஐப்பசியில் கூரை மூலையில் ஒரு தட்டு அளவுக்குப் பழுப்பு படர்ந்தது. கார்த்திகைக்குள் அது சுவரில் இறங்கி, பெயிண்டுக்கு அடியில் பூசிய பட்டி உப்பி, அப்பளம் போல் உதிர்ந்தது. தை பிறந்ததும் வீட்டுக்காரர் பெயிண்டரை அனுப்பினார். பாதிச் செலவு என்னுடையது. மாசி முடிவதற்குள் மறுபடியும் உப்பிக்கொண்டது. மாசியில் ஏது மழை? அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை, சித்திரையில் இன்னொரு முறை பெயிண்ட், இன்னொரு பாதிச் செலவு.

அடுத்து வந்த ஐப்பசி முகூர்த்தத்துக்குத் தைக்க வந்த திருபுவனம் பட்டு ரவிக்கைத் துணியில் பூசணம் பூத்தது. அரக்கு நிறத்தில் சாம்பல் புள்ளிகள். துணிக்கு உரிய அம்மா திட்டவில்லை. துணியைச் சுருட்டிப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார். திட்டியிருந்தால் தேவலை.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். ‘ஜன்னலைத் திறந்து வையுங்கள்’ என்றார்.

அந்த வாதத்தில் உண்மையே இல்லை என்று சொல்லமாட்டேன். அடைமழை நாளில் அறைக்குள் கொடி கட்டி ஈரத்துணியை உலர்த்துகிறோம், சோறு வடிக்கும் ஆவியும் உள்ளேயே சுற்றுகிறது, குளிர்ந்த சுவர் வியர்க்கத்தான் செய்யும். தரையிலிருந்து ஏறும் ஓதம் வேறு வகை. வலங்கைமானில் என் அம்மா வீடு களிமண் பூமியில் நிற்கும் பழைய வீடு. ஆற்றில் தண்ணீர் ஓடும் மாதங்களில் சுவர் விளக்குத் திரி மாதிரி நிலத்து நீரை உறிஞ்சி இடுப்பு உயரத்துக்கு உப்புப் பூத்து நிற்கும். ஆனால் முதல் மாடியில் கூரையிலிருந்து கீழே இறங்கும் ஈரத்துக்கு ஆறு என்ன செய்யும், ஜன்னல்தான் என்ன செய்யும்?

வயதான கொத்தனார் ஒருவர் வழி சொன்னார். முழ அகலத்துக்குப் பாலிதீன் தாளைச் சுவரில் வைத்து, நாலு ஓரமும் காற்றுப் புகாமல் ஒட்டி, இரண்டு நாள் விட வேண்டும். வெளிப்பக்கம் நீர் கோத்தால் அறைக் காற்றின் ஈரம். உள்பக்கம் கோத்தால் சுவருக்குள்ளிருந்து வருவது. எனக்கு உள்பக்கம் முத்து முத்தாக நின்றது. படம் பிடித்து அனுப்பினேன். நாலு நாள் வெயில் அடித்தால் சரியாகிவிடும் என்று பதில் வந்தது.

மேல்வீட்டில் இருப்பவர்களும் எங்களைப் போலக் குடித்தனக்காரர்கள்தான். அவர்களுடைய வீட்டுக்காரர் வேறு, வெளியூர்க்காரர். அந்த வீட்டுப் பெண்ணும் நானுமாக, துணிக்குப் போடும் சொட்டு நீலத்தை அரை வாளித் தண்ணீரில் கெட்டியாகக் கரைத்து, குளியலறையில் தண்ணீர் வடியும் ஜாலியைச் சுற்றி ஊற்றினோம். மூன்றாம் நாள் காலை என் கூரை மூலையில் நீலக் கறை. அதற்குப் பிறகுதான் இரண்டு வீட்டுக்காரர்களும் ஒருவருக்கொருவர் போன் செய்துகொண்டார்கள். குளியலறைத் தரையை உடைத்துப் பார்த்தால், ஜாலிக்கு அடியில் தண்ணீரை வாங்கிக் குழாய்க்கு அனுப்பும் நஹானி டிராப்பைச் சுற்றி நீர் கசியாமல் தடுக்கும் பூச்சே இல்லை. டைல்ஸ் இடுக்கில் வெள்ளை சிமெண்ட் கரைந்து போயிருந்தது. அடியில் நிரப்பியிருந்த செங்கல் உடைசல் எத்தனை வருடத் தண்ணீரைக் குடித்திருந்ததோ, சொதசொதவென்று கிடந்தது. ஒழுக்கை அடைத்த பிறகும் என் சுவர் காய மூன்று மாதம் பிடித்தது. அதுவரை பட்டி பார்க்கக் கூடாது என்று பெயிண்டரை வாசலோடு திருப்பி அனுப்பினேன். இப்போது ஒரு மழைக்காலம் கடந்தும் சுவர் சுவராக இருக்கிறது.

பெயிண்ட் காசுக்கு வருகிறேன். வக்கீல் குமாஸ்தா ஒருவரின் மனைவி என்னிடம் தைப்பவர். அவர் மூலம் தெரிந்துகொண்டது இது. 2017இல் இயற்றி 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் யார் பொறுப்பு எது என்று பிரித்தே எழுதியிருக்கிறார்கள். குழாய் வாஷர், வாஷ்பேசின் பழுது, ஜன்னல் கண்ணாடி எல்லாம் குடியிருப்பவர் பாடு. கட்டடப் பழுது, குழாய் மாற்றுவது, சுவருக்கு வெள்ளையடிப்பது உரிமையாளர் பாடு. நாமே கெடுத்தது என்றால் வேறு. ஒப்பந்தத்தில் மாற்றி எழுதியிருந்தாலும் வேறு. அந்த ஒப்பந்தத்தையும் வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டுமாம். எங்களுடையது 20 ரூபாய்ப் பத்திரத்தில் 11 மாதத்துக்கு எழுதி, வீட்டுக்காரரின் மேசை இழுப்பறையில் தூங்குகிறது. பெயிண்டைப் பற்றி அதில் ஒரு வரியும் கிடையாது.

தை மாதத்துப் பாதிக் காசை வாடகையில் கழித்துக்கொண்டார். சித்திரை மாதத்துக் காசைக் கேட்டால் பேச்சு மழைக்குத் தாவிவிடுகிறது. ஜன்னலைத் திறக்கச் சொன்ன வாசகர், அடுத்த முறை தம் குடித்தனக்காரர் ஓதம் என்று சொன்னால், ஒரு புட்டி நீலத்தோடு மாடிப்படி ஏறிப் பார்க்கட்டும்.

என் பெயரைப் போட வேண்டாம். வீட்டுக்காரரும் உங்கள் பத்திரிகைதான் வாங்குகிறார்.

ஒரு தையல்காரி,
கும்பகோணம்