பொம்மை வீட்டு வாசலுக்கு நாலு புதர்

அம்மு,

நீ அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஜன்னல் கம்பி வரைக்கும் அவ்வளவு நுணுக்கமாகச் செய்திருக்கிறாய். வாசலில் நிற்கும் செடிகள்தான் உறுத்துகின்றன என்று எழுதியிருந்தாயே, எனக்கும் அப்படித்தான் பட்டது. கடையில் வாங்கிய பச்சை உருண்டையை ஒட்டினால் அது உருண்டையாகத்தான் தெரியும். வேறு வாங்க வேண்டாம், நீயே செய்துவிடலாம்.

பசை டப்பாவைத் திறப்பதற்கு முன்னால் நிஜமான ஒரு புதரின் முன் போய்க் கொஞ்ச நேரம் உட்கார். உள்ளே இருட்டாக இருக்கும், நடுவில் இலையே இல்லாத குச்சிகள், அங்கங்கே வெளிச்சம் புகுந்து வரும் சந்துகள், நுனியில் மட்டும் இளம்பச்சைத் தளிர். மரம் மாதிரி ஒற்றை அடிமரம் கிடையாது, தரையிலிருந்தே நாலைந்து தண்டு கிளம்பும். பார்க்கிறவர்களை நம்ப வைப்பதில் பாதி வேலையை அந்தச் சந்துகள்தான் செய்கின்றன. நீ எதை விட்டாலும் அதை விட்டுவிடாதே.

உன் வீடு ஒன்றுக்குப் பன்னிரண்டு அளவு, அதாவது நிஜத்தில் ஒரு அடி என்றால் இங்கே ஒரு அங்குலம். மூன்றடிப் புதர் மூன்று அங்குலம் ஆகும், நிஜத்தில் 5 செ.மீ. நீளமுள்ள இலை இங்கே சுமார் 4 மி.மீ. பொடி இலைச் செடி என்றால் 2 மி.மீ.கூடத் தேறாது. இலை பெரிதாகிவிட்டால் பக்கத்தில் இருக்கும் வீடு சிறுத்துப் போகும், அதனால் சந்தேகம் வந்தால் சின்னதாகவே வை.

தண்டுக்குப் பழைய மின்சார ஒயர் போதும், உள்ளே மெல்லிய செம்பு இழைகள் நிறைய இருக்குமே, அந்த வகை. நாலு அங்குலம் வெட்டி மேல்தோலை உரி. அடியில் கொஞ்சத்தை மட்டும் இறுக்கி முறுக்கிவிட்டு மீதி இழைகளை இரண்டு மூன்று கொத்தாகப் பிரி, ஒவ்வொரு கொத்தையும் சிறிது தூரம் முறுக்கு, அப்புறம் அதையும் இரண்டாகப் பிரித்து முறுக்கு, இப்படியே போனால் கடைசியில் ஒற்றை இழைகள் நிற்கும். எல்லாக் கிளையும் ஒரே இடத்தில் பிரியக் கூடாது. இதுபோல மூன்று நாலு செய்து அடியில் சேர்த்துக் கட்டு. வெள்ளைப் பசையில் சலித்த மரத்தூளைக் குழைத்துத் தண்டில் பூசினால் முறுக்கின வரி மறைந்து பட்டை மாதிரி ஆகிவிடும். காய்ந்ததும் சாக்லேட் நிறத்தை அடித்துவிடாதே, பெரும்பாலான பட்டை சாம்பல் கலந்த பழுப்புதான்.

இலைக்கு மெத்தை ஸ்பாஞ்சைத் துண்டு போட்டு, தண்ணீர் விட்டு, இனிமேல் சமையலுக்குத் தேவைப்படாத ஒரு மிக்ஸியில் அரைத்துக்கொள். டியூபிலிருந்து வரும் பச்சை எப்போதுமே பளீரென்று இருக்கும், துளி சிவப்போ பழுப்போ சேர்த்தால் அடங்கும். கரும்பச்சை, நடுத்தரம், மஞ்சள் கலந்த பச்சை என்று மூன்றாகக் கலக்கி ஊறவை, பிழிந்து, தாளில் பரப்பி நன்றாகக் காயவிடு, பிறகு டீ வடிகட்டியில் சலி. பசையில் பாதிக்குப் பாதி தண்ணீரும் ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவமும் கலந்தால் முத்து முத்தாக நிற்காமல் கம்பியில் பரவும். பெரிய துகளும் கரும்பச்சையும் உள்பக்கம், சலித்த பொடியும் இளம்பச்சையும் நுனியில். மொத்தமாக முக்கி எடுக்காதே, கிளை கிளையாகத் தொட்டு வை, இரண்டு மூன்று கிளையை மொட்டையாகவே விட்டுவிடு.

செம்பருத்தி மாதிரி அகல இலை வேண்டுமென்றால் ஸ்பாஞ்ச் சரிப்படாது. மெல்லிய தாளில் இரண்டு பக்கமும் வர்ணம் அடித்து, காய்ந்த பிறகு வெட்டி, நடுவில் நகத்தால் ஒரு கீறு. அந்த ஒரு மடிப்பில் இலைக்கு நரம்பு வந்துவிடும். பொறுமை வேண்டும், ஆனால் வாசலுக்கு நேரே ஒரு செடியாவது இப்படி இருக்கட்டும்.

வீட்டை முடித்துவிட்டுத் தோட்டத்தைக் கடைசி நாளில் ஒப்பேற்றுவது எனக்குப் பிடிக்காது. இங்கிலாந்தில் ராணி மேரிக்காக 1921 முதல் 1924 வரை கட்டிய பொம்மை வீடும் உன்னுடையது போல ஒன்றுக்குப் பன்னிரண்டுதான். வீட்டை வடிவமைத்தவர் எட்வின் லட்யன்ஸ், தோட்டத்துக்கென்று கெர்ட்ரூட் ஜெக்கிலையே கூப்பிட்டார்கள், நிஜத் தோட்டங்களை வடிவமைத்துப் பெயர் வாங்கியவர். அந்தத் தோட்டம் வீட்டுக்கு அடியில் ஒரு இழுப்பறைக்குள் இருக்கிறது. இழுப்பறைக்குள் மூடி வைக்கப் போகிற தோட்டத்துக்கே அவ்வளவு அக்கறை எடுத்திருக்கிறார்கள், பார்.

நடும்போது பலகையில் துளை போட்டுத் தண்டை இறக்கு, மேலே வைத்து ஒட்டினால் எந்த நேரமும் சாயும். அடியில் காய்ந்த இலையை நொறுக்கிக் கொஞ்சம் தூவு. வெயில் நேராக விழும் இடத்தில் வைக்காதே, நிறம் வெளுத்துவிடும்.

முடித்ததும் படம் அனுப்பு. மேலே நின்றபடி எடுக்காமல் போனைத் தரையோடு வைத்து, அந்தப் பொம்மையின் கண் உயரத்திலிருந்து எடு. எங்கே அடர்த்தி கூடிப்போயிருக்கிறது என்று அப்போதுதான் தெரியும், கத்தரித்துவிடலாம்.

அன்புடன்,
அப்பா