திரையில் தெரியாத கால்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

தொலைக்காட்சியிலும் இணையத்திலும் நடக்கும் தூய இன மாட்டு ஏலங்களைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். நாற்காலியை விட்டு எழாமல் பொலிகாளை வாங்கலாம் என்பதைச் சுவையாகவே எழுதியிருந்தார்கள். எனக்கு வழக்கு ஒரே ஒரு வரியோடுதான். படத்தை நன்றாகப் பார்த்து வாங்கினால் போதும் என்று முடித்திருந்தார்கள். நான் படத்தை நன்றாகத்தான் பார்த்தேன், ஒரு முறை அல்ல, பதினோரு முறை. அப்படிப் பார்த்துதான் ஏமாந்தேன்.

சில வருடங்களுக்கு முன் நடந்தது. ஆங்கஸ் என்ற இறைச்சி மாட்டினத்தின் பதினைந்து மாதக் காளை. பலகை போட்டது போல முதுகு, எண்ணெய் பூசியது போலக் கறுப்பு. காமிராவை வயிற்று உயரத்துக்கும் கீழே வைத்து எடுத்திருந்தார்கள், அதனால் குன்று நகர்வது போல இருந்தது. பின்னணியில் இசை வேறு. ஏலத்தன்று அதன் எண் வந்து ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, என் பெயரில் முடிந்துவிட்டது. நாலாம் நாள் லாரியிலிருந்து இறங்கி சிமெண்டுத் தரையில் நின்றபோதுதான் அதன் கால்களை முதன்முதலாகப் பார்த்தேன். முன்னங்கால் இரண்டிலும் வெளிக்குளம்பு உள்குளம்பின் மேல் கத்தரிக்கோல் போல ஏறிக் கிடந்தது. பின்னங்கால்களோ மடிப்பே இல்லாமல் கம்பு நட்டது போல. படத்தை மறுபடி போட்டுப் பார்த்தேன். தொடக்கம் முதல் கடைசி வரை அது முழங்கால் அளவு புது வைக்கோலில் நின்றிருந்தது.

விற்றவரை நான் குறை சொல்லவில்லை. மரியாதையாகப் பேசினார், விற்பனை நிபந்தனைகளை வாசித்துக் காட்டினார். காளை இனப்பெருக்கத்துக்கு உதவாவிட்டால் மாற்றித் தருவதாக இருந்தது, குளம்பைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. வைக்கோல் போடுவது பொய் சொல்வது ஆகாது. அதன் அடியில் என்ன இருக்கிறது என்று கேட்காமல் விட்டது நான்.

இதைவிட வெட்கமான செய்தி ஒன்று உண்டு. அமெரிக்க ஆங்கஸ் சங்கம் 2019 முதல் குளம்பு அமைப்புக்கும் குளம்புக் கோணத்துக்கும் தனித்தனியாக மரபு மதிப்பெண் வெளியிடுகிறது. அவற்றில் எண் குறைவாக இருந்தால் நல்லது. ஏலப் பட்டியலில் என் காளைக்கான பக்கத்திலும் அந்த இரண்டு எண்களும் அச்சாகி இருந்தன, இரண்டும் உயரத்தில். நான் எடை எண்களை மட்டும் விரல் வைத்துப் படித்துவிட்டுப் படத்துக்குப் போய்விட்டேன். கண்ணை இழுத்தது படம், உண்மையைச் சொன்னது காகிதம்.

ஆகவே என் கட்சி இது: ஏலப் படம் என்பது விளம்பரம். மாட்டைத் தேர்ந்தெடுக்கும் வேலை ஏலத்துக்கு முந்திய நாட்களிலேயே காகிதத்திலும் தொலைபேசியிலும் முடிந்துவிட வேண்டும். திரை ஏலம் கேட்பதற்கு மட்டும். தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக்கூடாது என்பார்கள். காசு கொடுத்து வாங்கும் மாட்டுக்கு அந்தக் கூச்சம் வேண்டியதில்லை. ஆனால் திரைக்குள் கை எட்டாது!

காகிதத்தைப் படிப்பதிலும் ஒரு பழக்கம் வேண்டும். ஈ.பி.டி. என்று போடும் மரபு மதிப்பெண் காளையின் தகுதியைச் சொல்வதல்ல, அதன் கன்றுகளில் எதிர்பார்க்கக்கூடிய வேறுபாட்டைச் சொல்வது. பிறப்பு எடையில் ஒரு காளைக்கு 1, இன்னொன்றுக்கு 4 என்றால், ஒரே மாதிரிப் பசுக்களில் இரண்டாவதன் கன்றுகள் சராசரியாக 3 பவுண்டு கூடுதலாகப் பிறக்கும். தலையீற்றுக் கிடேரிகளுக்கு அந்த மூன்று பவுண்டு இரவுத் தூக்கத்தைக் கெடுக்கக்கூடிய எடை. ஒவ்வொரு எண்ணுக்கும் கீழே 0-க்கும் 1-க்கும் இடையில் நம்பகத்தன்மை என்று இன்னொரு சிறு எண் இருக்கும். கன்று எதுவும் பிறக்காத இளங்காளைக்கு அது தாழ்ந்தே இருக்கும், மரபணுச் சோதனை செய்திருந்தால் கொஞ்சம் ஏறும். பெரிய எழுத்தில் உள்ளதைப் படிக்கும்போது சிறிய எழுத்தையும் படியுங்கள். இன்னொன்று: ஓர் இனத்தின் எண்ணை வேறு இனத்தின் எண்ணோடு நேராக ஒப்பிடக்கூடாது. அதற்கென்றே நெப்ராஸ்காவில் கிளே சென்டர் ஊரிலுள்ள அரசு ஆய்வு நிலையம் ஆண்டுதோறும் திருத்த எண்கள் வெளியிடுகிறது. ஆஸ்திரேலியப் பட்டியல்களில் வரும் ஈ.பி.வி. வேறு கணக்கு. அது விலங்கின் சொந்த மரபு மதிப்பு, கன்றுக்குப் போவது அதில் பாதிதான்.

காமிராவுக்கு அறவே எட்டாத சங்கதியும் உண்டு. 2008-ல் ஆங்கஸ் இனத்தில் முதுகுத்தண்டு வளைந்து, கால்மூட்டுகள் விறைத்து, செத்தே பிறக்கும் கன்றுகள் ஒரு மரபணுக் கோளாறால் வருகின்றன என்று தெரியவந்தது. வேரைத் தேடிப் போனபோது, செயற்கைக் கருவூட்டலில் உலகெங்கும் பரவிய ஜி.ஏ.ஆர். பிரிசிஷன் 1680 என்ற புகழ்பெற்ற காளையில் போய் நின்றது. அந்தக் கோளாறு மரபணுவைத் தாய், தந்தை இருவரில் ஒருவரிடமிருந்து மட்டும் பெற்றுச் சுமக்கும் மாடு பார்வைக்கு எந்தக் குறையும் இல்லாமல் இருக்கும். சுமக்கும் காளையும் சுமக்கும் பசுவும் சேர்ந்தால், பிறப்பதில் நாலில் ஒன்று போகும். கோளாறின் பெயர்ச் சுருக்கம் ஏ.எம். பதிவுச் சான்றில் ஏ.எம்.எஃப். என்றிருந்தால் சோதித்துக் கோளாறு இல்லை என்று பொருள், ஏ.எம்.சி. என்றிருந்தால் சுமக்கிறது. மூன்றெழுத்தில் கடைசி எழுத்தைப் பார்க்காமல் யாரும் ஏலம் கேட்க வேண்டாம்.

கொழுப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும், கட்டுரை அதைப் பாராட்டியே எழுதியிருந்தது. விற்பனைக்காகத் தானியம் ஊட்டி வளர்த்த காளை படத்தில் பளபளக்கும். அதே கொழுப்பு விரைப்பையின் கழுத்தில் சேர்ந்தால் அங்கே சூடு தணியாது, விந்து கெடும். காளையின் உடலில் விந்தணு உருவாகச் சுமார் 61 நாள் ஆகிறது. ஏல நாளில் பட்ட சூடும் பயணக் களைப்பும் இரண்டு மாதம் வரைகூடக் கணக்குத் தீராமல் இருக்கும். ஆகவே கால்நடை மருத்துவரின் இனப்பெருக்கத் தகுதிச் சான்று கேளுங்கள், அதன் தேதியையும் கேளுங்கள். பொதுவாகப் பின்பற்றும் அளவுகோலில் 15 மாதம் வரையிலான காளைக்கு விரைச் சுற்றளவு குறைந்தது 30 செ.மீ. இருக்க வேண்டும், விந்தணுக்களில் 70 சதவீதமாவது குறையற்ற வடிவத்தில் இருக்க வேண்டும்.

விலைக்கு வருவோம். கட்டுரையின் தலைப்பிலேயே பிரேசிலின் வியாட்டினா-19 பசு இருந்தது. 2023-ல் 21 மில்லியன் ரெயால் (பிரேசில் நாணயம்), அன்றைய உலகச் சாதனை. உண்மைதான், ஆனால் அந்தத் தொகையை யாரும் அன்று எண்ணி வைக்கவில்லை. அன்று ஏலத்தில் போனது பசுவின் மூன்றிலொரு பங்கு, ஏறக்குறைய 7 மில்லியனுக்கு. அதை மூன்றால் பெருக்கிய மதிப்புத்தான் செய்தியாயிற்று. பிரேசிலின் தொலைக்காட்சி ஏலங்களில் கூவப்படும் எண் பெரும்பாலும் ஒரு தவணையின் தொகை, அதைத் தவணைகளின் எண்ணிக்கையால் பெருக்கினால்தான் விலை. திரையில் ஓடும் எண் எதைக் குறிக்கிறது என்று தெரியாமல் பொத்தானை அழுத்தக்கூடாது. முழு மாடா, பங்கா? விந்து விற்கும் உரிமையில் பாதியை விற்பவர் வைத்துக்கொள்கிறாரா? (இடையில் ஒரு சந்தோஷம்: அந்தப் பசுவின் நெல்லோர் இனம் ஆந்திரக் கடலோரத்து ஓங்கோல் மாட்டின் வழிவந்தது. பெயரும் நம் பக்கத்து நெல்லூர்தான்.)

இணைய ஒளிபரப்பு ஏலக் கூடத்தைவிடச் சில நொடிகள் பின்தங்கி வரும் என்பதையும் கட்டுரை விட்டுவிட்டது. உச்ச விலையை முன்பே எழுதிக் கொடுத்துவிடுவது அல்லது தொலைபேசியில் கேட்பது நல்லது.

இவ்வளவு சொல்வதால் நான் இந்த முறைக்கு எதிரி என்று எண்ண வேண்டாம். அமெரிக்காவில் சுப்பீரியர் நிறுவனத்தின் செயற்கைக்கோள் ஏலமும், இன்று ஆக்‌ஷன்ஸ்பிளஸ் என்று பெயர் மாறிய ஆஸ்திரேலியக் கணினி ஏலமும் 1980-களிலிருந்து நடக்கின்றன. ஆஸ்திரேலியாவில் பயிற்சி பெற்ற மதிப்பீட்டாளர் நேரில் போய் மந்தையைப் பார்த்து விவரம் எழுதிக் கொடுக்கும் ஏற்பாடு உண்டு. வாங்குபவனின் கண்ணுக்குப் பதில் கூலி இல்லாத காமிராவை வைக்காமல், பொறுப்பேற்கும் ஒரு மனிதனின் கண்ணை வைத்தார்கள். தூய இனக் காளை விற்பவர்கள் அந்த அளவுக்குப் போக வேண்டாம். வெட்டாமல் ஒட்டாமல் ஒரே ஓட்டமாக ஒரு நிமிடப் படம் போதும்: கெட்டியான சமதரை, பக்கவாட்டில் ஒரு நடை, பின்னாலிருந்து ஒரு நடை, ஓரத்தில் தேதி. இதைக் கட்டாயமாக்கச் சொல்லி உங்கள் இதழ் எழுதினால் வாங்குபவர்கள் கும்பிடுவார்கள்.

அடுத்த காளையையும் நான் திரையில்தான் வாங்கினேன். ஏலத்துக்கு இரண்டு வாரம் முன்பே விற்பவரைக் கூப்பிட்டு, அதை நடக்கவிட்டுப் படம் அனுப்ப முடியுமா என்று கேட்டேன். அவர் மகன் கைப்பேசியில் எடுத்து அனுப்பினான். நாற்பது நொடி, கை நடுக்கம், நடுவில் ஒரு நாய் குறுக்கே ஓடுகிறது, காளை அதைக் கண்டு மிரளாமல் நடக்கிறது. அதன் குணத்தைக் கேட்காமலே சொன்னது அந்த நாய்தான். இடது பின்குளம்பு கொஞ்சம் நீளம் என்பதும் அதில் தெரிந்தது. தெரிந்தே வாங்கினேன், வருடம் ஒரு முறை செதுக்கிவிடுகிறேன்.

இப்படிக்கு,
மாடு வளர்க்கும் ஒரு வாசகன்