கிறுக்கல் போதும் என்றவர்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஸ்பெயின் நாட்டு வரைபடக்காரர் தோமாஸ் லோபெஸ் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். இருந்த இடத்தை விட்டு எழுந்திருக்காமல் நாட்டுக்கே படம் போட்டவர் என்று அவரை ஒரே வரியில் ஒதுக்கியது சங்கடமாக இருந்தது. நில அளவையராக முப்பது வருடம் வெயிலில் அளவுச் சங்கிலி பிடித்தவன் என்பதால் எழுதுகிறேன்.

அவர் களத்துக்குப் போய் அளக்கவில்லை, சரி. மாகாணப் படங்களில் தூரங்கள் பிசகுவதும் உண்மை. 1730இல் மாட்ரிட்டில் பிறந்தவரை 1752இல் அரசு பாரிசுக்கு அனுப்பிப் படிக்க வைத்தது. அங்கே கிடைத்த ஆசான் தான்வில், பிறர் குறிப்புகளையும் பழைய படங்களையும் ஒப்பிட்டு அறைக்குள் உட்கார்ந்தே வரைந்தவர். அதே வருடம் இந்தியாவுக்கும் அப்படித்தான் ஒரு படம் வரைந்தார். சீடரும் அந்த வழியில் வந்தவர்தான்.

ஆனால் ஊர் திரும்பிய பின் லோபெஸ் செய்த ஒரு காரியம் கட்டுரையில் விட்டுப்போயிற்று. கத்தோலிக்கத் திருச்சபையின் ஆயர்களுக்கும் பங்குத்தந்தைகளுக்கும் அச்சடித்த கேள்வித்தாள் அனுப்பினார். ஆறு எங்கே பிறக்கிறது, பாலம் எங்கே இருக்கிறது, என்ன விளைகிறது, மக்களுக்கு என்ன நோய் வருகிறது, எப்படிக் குணமாக்குகிறீர்கள் என்றெல்லாம் கேட்டார். அப்புறம், ஊரைச் சுற்றி இரண்டு மூன்று லீக் (ஒரு லீக் என்பது ஏறக்குறைய ஐந்தாறு கிலோமீட்டர்) தூரத்துக்கு ஒரு படமும் வரையச் சொன்னார். தேர்ந்த கை வேண்டாம், கிறுக்கலாக இருந்தாலும் போதும், நாங்கள் சரிசெய்துகொள்கிறோம் என்றார். ஆலை, சத்திரம், ஓடை, ஆள் இல்லாமல் பாழான ஊர் எல்லாம் அதில் வர வேண்டும்.

பாழான ஊரைக் கேட்டாரே, அதில்தான் நான் அசந்துபோனேன். அளக்கப் போகும் ஊரில் நாங்கள் முதலில் ஒரு பெரியவரைத் தேடுவோம். குச்சியால் மண்ணில் கோடு இழுத்து, இது ஓடை, இது பழைய வண்டிப்பாதை, இந்த மேட்டில் முன்னே குடியிருந்தார்கள் என்பார். தூரம் பிசகும். எதற்கு அடுத்தது எது என்பது பிசகாது. அந்தக் கோட்டை நம்பித்தான் சங்கிலியை இறக்குவோம்.

பதில் போடாத ஊர்களும் நிறைய உண்டு. வந்த பதில்களும் படங்களும் மாட்ரிட்டில் தேசிய நூலகத்தில் இன்றும் இருக்கின்றன. 1802இல் லோபெஸ் இறந்தார். 1804இல் மகன்கள் அவருடைய படங்களை அட்லஸாகத் தொகுத்தார்கள். அதிலிருந்து ஒரு பக்கத்தைக் கட்டுரையோடு போட்டிருந்தீர்கள். அடுத்த இதழில், ஏதாவது ஒரு பங்குத்தந்தை வரைந்து அனுப்பிய படத்தையும் தேடிப் போடுங்கள், ஐயா.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நில அளவையர் ஒருவர்